கையேடும் கூட வந்த ஆளும்

கேன்சர் என்று தெரிந்த மறுநாளே சிகரெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, விடியற்காலையில் வாக்கிங் கிளம்பிவிடுவார்கள் என்றுதான் வெளியில் இருந்து பார்க்கிற நாம் நினைக்கிறோம். உயிர் பயத்தைவிடப் பெரிய காரணம் வேறென்ன வேண்டும்? ஆனால் பயம் ஆளைக் கிளப்பிவிடும், அவ்வளவுதான். தொடர்ந்து நடக்க வைக்க அதனால் முடியாது.

'சேலஞ்ச்' என்றொரு ஆய்வு, பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 2009-இல் தொடங்கியது. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். உடற்பயிற்சி நல்லது என்று சொல்லும் கையேடு இரண்டு பக்கமும் போனது. ஒரு பக்கத்துக்கு மட்டும் மூன்று வருஷம் கூடவே ஒரு பயிற்சி ஆலோசகர். 2025-இல் முடிவு வந்தது: எட்டு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் கையேட்டுக் குழுவில் 83.2 சதவீதம், ஆலோசகர் இருந்த குழுவில் 90.3. உயிரைக் காத்தது உடற்பயிற்சிதான், சரி. அதைச் செய்ய வைத்தது எது?

அந்தக் கீமோவில் தரப்படும் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து பலருக்கு உள்ளங்காலை மரத்துப்போக வைக்கும். செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாது. அப்படிப்பட்ட காலை நம்பித் தெருவில் இறங்கத் தைரியம் வராது. 'என்னால் முடியும்' என்ற இந்த நம்பிக்கையைப் பற்றித்தான் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதினார். அறிவுரையைவிட, தானே செய்து முடித்த காரியத்தில்தான் அது அதிகம் வளரும் என்பது அவர் கணக்கு. இன்று வாசல் வரை, அடுத்த வாரம் தெருமுனை வரை.

அப்புறம் வீடு. "நீ உட்காரு, தண்ணி நான் கொண்டு வரேன்" என்பதில் அன்புதான் இருக்கிறது, ஆனால் அந்தப் பத்தடியும் போய்விடுகிறது. கேன்சர் களைப்பு படுத்தே கிடந்தால் தீராது. தசை கரையக் கரைய அது இன்னும் கூடும். நுரையீரல் புற்றுநோய்க்காரர் கதை இன்னும் மோசம். "நீயா தேடிக்கிட்டது" என்ற பேச்சுக்குப் பயந்து, இன்னும் புகைக்கிறேன் என்பதை டாக்டரிடமே மறைப்பவர்கள் உண்டு. அப்படி மறைத்தால் விடுவதற்கு உதவியும் கிடைக்காது.

சேலஞ்சில் இன்னொரு எண்: தசை, மூட்டுத் தொந்தரவுகள் உடற்பயிற்சிக் குழுவில்தான் அதிகம், 18.5 சதவீதம், மற்றதில் 11.5. முழங்கால் வலித்தால் நிறுத்திவிடுவதா, மெதுவாக நடப்பதா என்று கேட்க அவர்களுக்கு ஒரு ஆள் இருந்தார்.