சொல்லுக்கும் வேண்டும் காய்ச்சலும் பாய்ச்சலும்

வயலில் எந்நேரமும் நீரைக் கட்டி வைக்காமல், பாய்ச்சிய நீர் வடிந்து மண்ணில் மயிரிழை போன்ற வெடிப்பு தோன்றிய பிறகு மறுபடியும் மடையைத் திறப்பதைக் காவிரிப் படுகை உழவர்கள் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்பார்கள். நீர் மிச்சமாவதோடு வேருக்குக் காற்றும் கிடைக்கிறது. ஆங்கிலச் சொற்கள் மனத்தில் வேர்பிடிக்கும் விதமும் ஏறத்தாழ இதுதான்.

மன்னார்குடிப் பக்கத்தில் மாலை வகுப்புக்கு வரும் ஒரு மாணவி, ‘பாரோ’ என்றால் கடன் வாங்குதல் என்று இருபது முறை எழுதிய பக்கத்தைக் காட்டினாள். கூர்ந்து பார்த்தபோது, முதல் எழுத்தை மேலிருந்து கீழாக இருபது முறையும், அதன் அருகே இரண்டாம் எழுத்தை இருபது முறையும் எழுதி, அப்படியே பக்கத்தை நிரப்பியிருந்தது தெரிந்தது. கை உழைத்திருக்கிறது, சொல்லைத் தேடும் வேலை மூளைக்கு ஒருமுறைகூட வரவில்லை. மறுவாரம் பக்கத்திலிருந்தவளிடம் பேனா கேட்கச் சொன்னபோது அந்தச் சொல் அவள் வாயில் வராததற்கு அவளைக் குறை சொல்வது நியாயமாகாது. அப்படித்தான் நாம் எழுதப் பழக்கியிருக்கிறோம்.

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மான் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதியை அளந்து 1885-இல் வெளியிட்டார். மீண்டும் படிக்கும்போது முதல்முறை உழைப்பில் எவ்வளவு மிச்சமாகிறது என்பதே அவருடைய அளவுகோல். அந்த மிச்சம் 20 நிமிடத்தில் சுமார் 58 சதவீதமாகவும் ஒரு நாளில் 34 சதவீதமாகவும் இறங்கியது. ஆனால் ஒரு மாதம் கழிந்தும் 21 சதவீதம் எஞ்சியிருந்தது. மறதி முதல் நாளில்தான் வேகமாகப் பாய்கிறது. 12 அசைகள் கொண்ட வரிசையை ஒரே நாளில் 68 முறை படித்ததற்கு ஈடான பலன், மூன்று நாட்களுக்குப் பிரித்து 38 முறை படித்ததிலேயே கிடைத்தது என்பதையும் அவர் கண்டார்.

இடைவெளி மட்டும் போதாது. அந்த இடைவெளிக்குப் பின் விடையைப் பார்க்காமல் நினைவிலிருந்து எடுக்க வேண்டும். அமெரிக்காவின் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியை இருமுறை படித்தவர்கள் ஐந்து நிமிடத்திற்குப் பின் முந்தினார்கள். ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ ஒரு வாரத்திற்குப் பின் 56 சதவீதத்தை நினைவுகூர்ந்தார்கள், இருமுறை படித்தவர்களால் 42 சதவீதமே முடிந்தது. ஆகவே தாளை நெடுக்காக மடித்து, ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் ஆங்கிலமும் எழுதி, தமிழ்ப் பக்கத்தை மட்டும் பார்த்து மறுநாளும், மூன்றாம் நாளும், ஒரு வாரம் கழித்தும் ஆங்கிலத்தைச் சொல்லிப் பார்ப்பது போதும். சற்றுத் தடுமாறி நினைவுக்கு வரும் சொல்லே ஆழமாகப் பதிகிறது.

எந்தப் பொருளோடு சொல்லை இணைக்கிறோம் என்பதிலும் கவனம் தேவை. நமக்கு நெல் வேறு, அரிசி வேறு, சோறு வேறு. ஆங்கிலத்தின் ‘ரைஸ்’ பயிரையும் அரிசியையும் சோற்றையும் சேர்த்தே குறிக்கும். உமி நீங்காத நெல்லுக்கு மட்டும் ‘பேடி’ என்ற தனிச்சொல் உண்டு. மாறாக, நாம் ‘கை’ என்று ஒரே சொல்லில் முடிப்பதை அவர்கள் மணிக்கட்டுக்குக் கீழே ‘ஹேண்ட்’ என்றும் தோள்முதல் ‘ஆர்ம்’ என்றும் பிரிப்பார்கள். ஒரு சொல்லுக்கு ஒரே சொல் என்று எழுதும் பட்டியல் இங்கேதான் ஏமாற்றுகிறது.

இலக்கணப் பிழைகள் பலவும் இதே வழியில்தான் நுழைகின்றன. ‘தண்ணீர்ப் பிரச்சினையைப் பற்றி விவாதித்தோம்’ என்று நினைப்பவர், ‘டிஸ்கஸ்டு’ என்ற வினைக்குப் பின் ‘அபௌட்’ சேர்த்துவிடுகிறார்; ‘பற்றி’ என்ற பொருள் அந்த வினைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. விதி தெரிந்திருப்பதும் பேச்சின் வேகத்தில் அது கைகொடுப்பதும் ஒன்றல்ல. பின்னது பழக்கத்தால் வரும் திறமை. ஆதலால் மடித்த தாளில் ‘பாரோ’ என்ற தனிச்சொல்லுக்குப் பதிலாக ‘மே ஐ பாரோ யுவர் பென்’ என்ற முழுத் தொடரை எழுதச் சொல்கிறேன். வினை எங்கே நிற்கும், யாருடைய பேனா என்பது எங்கே வரும் என்பதெல்லாம் அத்தொடரோடு சேர்ந்தே பதிந்துவிடுகின்றன. அடுத்த வாரம் ‘பென்’ இருந்த இடத்தில் ‘அம்ப்ரெல்லா’ வைத்துக் கேட்கச் சொன்னால் போதும்.