‘ராப்பர்ஸ் டிலைட்’: தீர்ந்த கணக்கும் தீராத கணக்கும்

1979 செப்டம்பரில் வெளிவந்த ‘ராப்பர்ஸ் டிலைட்’ பாடலின் முழு வடிவம் 14 நிமிடங்களுக்கு மேல் ஓடுகிறது. அதைப் பாடிய அமெரிக்க ராப் குழுவான ஷுகர்ஹில் கேங்கின் மூவரில் இரண்டாவதாகப் பாட வருபவர் பிக் பேங்க் ஹேங்க். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் இடத்தில் அவர் ஒரு பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அந்த ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் ‘காஸநோவா ஃப்ளை’ என்று வரும். அது ஹேங்கின் பெயரன்று. பின்னாளில் கிராண்ட்மாஸ்டர் கேஸ் என்று அறியப்பட்ட, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி ராப்பரின் அக்கால மேடைப்பெயர் அது. இசைப் பதிப்புரிமை வழக்குகளைக் கவனித்துவரும் வழக்கறிஞர் என்ற முறையில், இன்னொருவருடைய வரி என்பதற்கான சாட்சியம் பாட்டுக்குள்ளேயே இவ்வளவு வெளிப்படையாகக் கிடக்கும் நிகழ்வை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இந்தப் பாடலின் தாக்கத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இசையைத்தான் பேசுகிறார்கள். ராப் என்ற வடிவம் உலகின் செவிக்கு எட்டியது இதனால்தான் என்பதில் ஐயமில்லை. (இதற்குச் சற்று முன்பே ஃபேட்பேக் பேண்ட் குழுவின் ராப் பதிவு ஒன்று கடைக்கு வந்துவிட்டதால், ‘முதல் ராப் இசைத்தட்டு’ என்ற பட்டத்தை இதற்குச் சூட்டுவது சரியன்று.) ஆனால், பாட்டு எழுதுபவருக்கும் இசையமைப்பவருக்கும் இடையிலான உரிமைக் கணக்கில் இப்பாடல் ஏற்படுத்திய தாக்கம் அதைவிட நீண்டது என்பதே என் கருத்து. இன்று சென்னையில் பீட் (ராப்புக்கான தாள இசைத்தடம்) ஒன்றை இணையத்தில் வாங்கி, அதன்மேல் வரி எழுதி, யூடியூபில் ஏற்றும் இளைஞர்கள் என்னிடம் கொண்டுவரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரே பாட்டில் அப்படியே இருக்கின்றன.

1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்க்ஸில் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்தையே ஹிப் ஹாப்பின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். அதன்பின் ஆறு ஆண்டுகள் இந்தக் கலை பூங்காக்களிலும் சமூகக் கூடங்களிலும் கைமாறிய கேசட்டுகளிலும்தான் வாழ்ந்தது. யாருடைய வரி எது என்பது கூட்டத்துக்குத் தெரியும். அடுத்தவர் வரியை எடுத்துப் பாடினால் ‘பைட்டர்’ (கடித்து எடுப்பவர், அதாவது வரித் திருடர்) என்ற ஏச்சு விழும். எழுதியவனுக்கு அந்த அவமான பயமே காவலாக இருந்தது. நியூஜெர்சியின் எங்கிள்வுட் நகரில் சில்வியா ராபின்சன், தானும் ஒரு பாடகியாக இருந்தவர், ராப்பை இசைத்தட்டாக்க முடிவுசெய்து ஆள் தேடியபோது, பிராங்க்ஸின் கூட்டம் அங்கே இல்லை. ஹேங்க் அப்போது பீட்சா கடையில் வேலை பார்த்துக்கொண்டே கேஸின் குழுவுக்கு மேலாளராகவும் இருந்தார். தன்னிடம் வந்து வரிகள் கேட்ட ஹேங்கிடம் தன் பாட்டு நோட்டைக் கொடுத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னதாகக் கேஸ் பல பேட்டிகளில் கூறியிருக்கிறார். எடுத்துக்கொண்டவர் பெயரைக்கூட மாற்றாமல் பாடிவிட்டார்.

பாடலின் அடித்தளமும் இன்னொருவருடையதுதான். அமெரிக்க டிஸ்கோ குழுவான ஷீக்கின் ‘குட் டைம்ஸ்’ அதே 1979 ஆகஸ்டில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தது. நைல் ராட்ஜர்ஸ், பெர்னார்ட் எட்வர்ட்ஸ் ஆகிய இருவரும் எழுதிய அப்பாடலின் பேஸ் கிட்டார் நடைதான் ‘ராப்பர்ஸ் டிலைட்’டைத் தாங்கி நிற்கிறது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ‘குட் டைம்ஸ்’ இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி இங்கே ஒட்டவில்லை. ஸ்டுடியோவுக்கு இசைக்கலைஞர்களை வரவழைத்து, அந்த நடையைப் புதிதாக வாசிக்கவைத்துப் பதிவு செய்தார்கள். “நாங்களே வாசித்துவிட்டோம், பிறகென்ன?” என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதில்தான் இருக்கிறது. ஒரு பாட்டில் குறைந்தது இரண்டு தனித்தனி உரிமைகள் உண்டு. மெட்டும் அமைப்பும் சேர்ந்த இசைப்படைப்பின் உரிமை ஒன்று. அதை ஒரு குறிப்பிட்ட நாளில் ஸ்டுடியோவில் பதிந்த ஒலிப்பதிவின் உரிமை மற்றொன்று. மீண்டும் வாசிப்பதால் இரண்டாவதிலிருந்து தப்பலாம். முதலாவது அப்படியே நிற்கும்.

நியூயார்க்கின் இரவு விடுதி ஒன்றில் தன் இசையின்மேல் யாரோ பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டு அதிர்ந்ததாக ராட்ஜர்ஸ் பின்னர் கூறியிருக்கிறார். அவரும் எட்வர்ட்ஸும் வழக்குத் தொடுப்பதாகச் சொன்னதும் விவகாரம் நீதிமன்றத்துக்கு வெளியிலேயே முடிந்தது. எழுதியவர்கள் பட்டியலில் இருவர் பெயரும் சேர்ந்தன. வருமானத்தில் பங்கும் வந்தது. பின்னாளில் ராட்ஜர்ஸ் இந்தப் பாடலை மனமாரப் புகழ்ந்திருக்கிறார். கணக்கு தீர்ந்தபின் புகழ்வது எளிது.

கேஸின் கணக்கு தீரவில்லை. அவருக்குப் பணமும் வரவில்லை, பெயரும் வரவில்லை. அமெரிக்காவில் 1978 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒரு படைப்பை நோட்டில் எழுதிய கணத்திலேயே எழுதியவருக்கு உரிமை பிறந்துவிடுகிறது. ஆகவே, சட்டத்தின் கண்ணில் அந்த வரிகளுக்கு உரியவர் அவர்தான். ஆனால் அமெரிக்கப் படைப்பொன்றுக்காக வழக்குத் தொடுக்க வேண்டுமானால் அதை முதலில் பதிவுசெய்திருக்க வேண்டும். உரிமையியல் வழக்குக்கு மூன்றாண்டுக் காலவரம்பும் உண்டு. “வேண்டியதை எடுத்துக்கொள்” என்ற வாய்ச்சொல்லை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அனுமதி என்று வாதிடுவார். பிறர்க்கும் கொடுக்கக்கூடிய சாதாரண உரிமத்துக்கு அந்நாட்டில் எழுத்து தேவையில்லை என்பதால் அந்த வாதம் எடுபடவும் கூடும். பாடலாசிரியர் பெயரைக் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்ற தார்மீக உரிமையும் அந்நாட்டுச் சட்டத்தில் பாடல்களுக்கு இல்லை. ராட்ஜர்ஸுக்கும் எட்வர்ட்ஸுக்கும் பின்னால் இசைத்தட்டு நிறுவனமும், பதிவான உரிமையும், வக்கீல் நோட்டீஸ் அனுப்ப ஆளும் இருந்தார்கள். பிராங்க்ஸ் இளைஞனிடம் இருந்தது ஒரு நோட்டு, அதையும் கொடுத்துவிட்டான்.

பாடிய மூவருக்குமாவது எல்லாம் சரியாக அமைந்ததா என்றால் அதுவும் இல்லை. குழுப் பெயரின் உரிமை தயாரிப்பாளரான சில்வியா ராபின்சனின் குடும்பத்தின் பக்கம் நின்றதால், குழுவின் மற்ற இருவரான வொண்டர் மைக்கும் மாஸ்டர் ஜீயும் தங்கள் சொந்தப் பெயர்களை மீட்கவே பல்லாண்டுகள் போராட நேர்ந்தது.

பாடலோ தன் வழியில் போய்க்கொண்டே இருந்தது. அமெரிக்காவில் 36ஆம் இடத்தையும் பிரிட்டனில் 3ஆம் இடத்தையும் பிடித்தது. 2002இல் ஸ்பெயினின் லாஸ் கெட்சப் சகோதரிகள் உலகையே ஆடவைத்த பாட்டின் பல்லவியில் வரும் பொருளற்ற சொற்கள், ஆங்கிலம் அறியாதவர் காதில் ‘ராப்பர்ஸ் டிலைட்’ எப்படி விழும் என்பதன் எதிரொலிதான். 2011இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இதைத் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தது. கேஸ் பாடிய கோல்ட் க்ரஷ் பிரதர்ஸ் குழுவுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காகவே தான் கூடுதலாக வசூலிப்பதாக ராப்பர் ஜே-ஸீ 2001இல் ஒரு பாட்டிலேயே பாடினார். அடுத்த தலைமுறை ஒப்பந்தத்தை எந்தக் கோபத்தோடு படித்தது என்பதற்கு அதுவே சான்று.

எழுபதுகளின் இறுதியில் மீண்டும் வாசித்துச் செய்ததை எண்பதுகளில் சாம்ப்ளர் கருவி நேரடியாக வெட்டி ஒட்டிக் கொடுத்தது. 1991இல் அப்படி அனுமதியின்றி எடுத்ததாக ராப்பர் பிஸ் மார்க்கிக்கு எதிராக நடந்த வழக்கில் நியூயார்க் கூட்டாட்சி நீதிபதி, “களவு செய்யாதிருப்பாயாக” என்ற விவிலியக் கட்டளையையே தீர்ப்பின் முதல் வரியாக வைத்தார். முன் அனுமதி இல்லாத சாம்பிள் (வெட்டி ஒட்டிய துண்டு) எதையும் வெளியிடப் பெரிய நிறுவனங்கள் அஞ்சத் தொடங்கியது அதன்பிறகுதான். அந்த அச்சம் நம் பக்கத்துக்கும் பயன்பட்டது. லதா மங்கேஷ்கர் பாடிய பழைய இந்திப் பாடல் ஒன்றை அனுமதியின்றிச் சாம்பிள் செய்து 2002இல் அமெரிக்கப் பாடகி ட்ரூத் ஹர்ட்ஸ் வெளியிட்ட பாடலின் மீது வழக்கு நடந்தபோது, இசையமைப்பாளர் பப்பி லஹிரியின் பெயரைச் சேர்க்காமல் அந்தத் தட்டை விற்கக் கூடாது என்று லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றம் தடை விதித்தது.

நம் சட்டம் எழுதுபவருக்கு இன்னும் சாதகமானது. ஆனால் அதைப் படித்துவிட்டு வருபவர்கள் அரிது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமை மாற்றம் எழுத்தில், உரிமையாளரின் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று கொள்ள வேண்டும். 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பின்னும் படைத்தவர் தாமே என்று கோரும் உரிமையைப் பாதுகாக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பின், திரைப்படத்துக்காக எழுதிய பாடலாசிரியரும் இசையமைப்பாளரும், திரையரங்கில் படம் ஓடுவதைத் தவிர்த்த பிற பயன்பாடுகளுக்கான ராயல்டிப் பங்கைத் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதிக்கொடுத்தாலும் அது செல்லாது. “கவர் வெர்ஷன் போடலாமே” என்று 31சி பிரிவைக் காட்டி வருபவர்கள், சொல்லையும் இசையையும் மாற்றக் கூடாது என்ற நிபந்தனையைப் படிக்காமல் வருகிறார்கள். பழைய பாட்டின் பேஸ் நடைமேல் புது ராப் எழுதுவது கவர் ஆகாது.

எனவே என் அலுவலகத்துக்கு வருபவர்களிடம் முதலில் நான் கேட்பது பாட்டையன்று; பதிவுக்கு முன் யார் யார் என்னென்ன கொடுத்தார்கள் என்ற விவரத்தை. வரி யாருடையது, மெட்டு யாருடையது, பீட் எங்கே வாங்கியது, அந்த உரிமம் குத்தகையா முழுவிலையா, எத்தனை ஸ்ட்ரீம் வரை செல்லும் என்பதெல்லாம் ஒரே பக்கத்தில், சதவீதத்தோடு, எல்லோர் கையெழுத்தோடும் இருக்க வேண்டும். நண்பர்களுக்குள் எதற்குக் காகிதம் என்று கூச்சப்படுவோர் உண்டு. ஹேங்கும் கேஸும்கூட நண்பர்கள்தான். வரி எழுதிய நாளையும் எழுதியவரையும் காட்ட, வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவும் மின்னஞ்சலும் நீதிமன்றத்தில் உதவும். உரிய சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும் என்பதால் பழைய கைப்பேசியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். வெளியீட்டுக்கு முன்பே, பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகிப் பாட்டைப் பதிந்துவைப்பது நல்லது. பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு சதவீதம் பேச உட்கார்ந்தால், அறையில் இருப்பவர்களின் எண்ணிக்கை எப்போதும் கூடியே இருக்கும்.