பெயின்ற்றுக்குள்ள காத்து கீறுற மரம்

பழைய பிளாஸ்ரிக் ஃபைல் கவர் ஒண்டை எடுத்து உள்பக்கத்தில கறுப்பு அக்ரிலிக் பெயின்ற் கொஞ்சம் விட்டு, மூடி, உள்ளங்கையால நல்லா அமத்தித் தேயுங்கோ. பிறகு கொப்பியைத் திறக்கிற மாதிரி மெல்லத் திறந்தா உள்ளுக்க ஒரு மரம் நிக்கும், அடிமரம், கொப்பு, கொப்பில கொப்பு எண்டு. பிரஷ் தொடவே இல்லை. முதல்தரம் பாக்கேக்க ஏதோ சித்து வேலை எண்டுதான் நினைச்சன்.

மரத்தைக் கீறினது காத்து. திறக்கத் திறக்க நடுவில இடம் கூடுது, அதை நிரப்ப வெளியில இருந்து காத்து உள்ள வரப்பாக்கும். ஆனா காத்து மெல்லிசு, பெயின்ற் தடிப்பு. தடிப்பானதை மெல்லிசானது தள்ளிக்கொண்டு போனா அந்த எல்லை நேரா நிக்காது, எங்கயாவது ஒரு இடத்தில காத்து ஒரு நூல் முந்தினா அதுக்கு அங்கால தடை குறைவு, அதால இன்னும் வேகமா ஓடும், பக்கத்தில பிந்தினது அப்பிடியே நிண்டுபோகும். இப்பிடிக் காத்து விரல் விரலா உள்ள போகேக்க இடையில ஒதுங்கின பெயின்ற்தான் கொப்பு. குட்டி விரல் நிண்ட இடத்தில ரெண்டு கொப்பு சேந்து தடிச்ச ஒண்டாகும். அதுதான் திறக்கிற பக்கம் நுனியும் மடிப்புப் பக்கம் அடியுமா வருது.

1958 இல சஃப்மன், ரெய்லர் எண்ட ரெண்டு பேர் இதைக் கணக்கில காட்டினவை. அவைக்கு மரத்தில அக்கறை இல்லை, எண்ணெய்க் கிணறுதான் பிரச்சினை. நிலத்துக்குள்ள தண்ணியை விட்டு எண்ணெயைத் தள்ளப்போனா தண்ணி இதே மாதிரி விரல் விட்டு ஓடும், எண்ணெய் அங்கயே நிண்டுடும்.

கெதியாத் திறந்தா நார் நாராச் சின்னக் கொப்புகள் வரும், ஆறுதலாத் திறந்தா கொஞ்சக் கொப்புதான், தடிப்பா வரும். விரல் அதுக்கும் மேல சன்னமாப் போகாமத் தடுக்கிறது பெயின்ற்றின்ர மேற்பரப்பு இழுவிசை.

தண்ணி கூட விட்டாப் போச்சு, கொப்பெல்லாம் வழிஞ்சு ஒண்டாயிடும். நல்ல அக்ரிலிக் தள்ளேக்க ஓடும், விட்டா நிக்கும், குலுக்கின தக்காளி சோஸ் மாதிரி. பிறகு சித்திரை வெயிலுக்க முத்தத்தில இருந்து செய்யாதையுங்கோ, ஓரம் காஞ்சு ஒட்டி நான் ரெண்டு கவர் கிழிச்சன்.

வேம்பு, புளி எல்லாம் வடிவா வரும், மடிப்புக்குக் கிட்ட கூட விட்டா அடி பருத்து நெடுந்தீவுப் பெருக்கமரம் போலயும் வரும். பனைதான் வராது, கொப்பு விடாத மரமெல்லோ. யாழ்ப்பாணப் படம் எண்டிட்டு பனை இல்லாமலும் ஏலாது, அதை மட்டும் பிரஷ்ஷாலதான் கீறுறன்.