பதிவேற்றம் தொடங்கினால் காணொலிக் கூட்டம் ஏன் திக்குகிறது?

அலுவலகங்களுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது என் தொழில். அடிக்கடி வரும் புகார் இதுதான்: ஒருவர் பெரிய கோப்பைப் பதிவேற்றத் தொடங்கியதும் பக்கத்து அறையில் காணொலிக் கூட்டம் திக்குகிறது. உடனே அதிவேகத் திட்டத்துக்கு மாறிவிடுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் கோளாறு வேகத்தில் இல்லை, ரூட்டரிலோ மோடத்திலோ தேங்கும் தரவு வரிசையில் இருக்கிறது.

1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அருகிலிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான இணைப்பு நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து வெறும் 40 பிட்டுக்குச் சரிந்தது. இடைத்தூரம் 400 கஜம்தான்! நெரிசலில் தாமதமான பாக்கெட்டுகளை, அதாவது தரவின் சிறு துண்டுகளை, தொலைந்தவையாகக் கருதிக் கணினிகள் மீண்டும் மீண்டும் அனுப்பின. நெரிசல் இன்னும் இறுகியது. இதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட தீர்வுதான், இணையத்தில் தரவை அனுப்பும் விதிமுறையான இன்றைய டிசிபியின் அடித்தளம். சிறிய அளவில் அனுப்பத் தொடங்கி, பாக்கெட் போய்ப் பதில் வரும் ஒவ்வொரு சுற்றுக்கும் இரட்டிப்பாக்கி, பிறகு மெல்ல மெல்லக் கூட்டு. பாக்கெட் தொலைந்தால் பாதியாகக் குறை. லினக்ஸ் இயங்குதளத்தில் இயல்பாக இயங்கும் கியூபிக் என்ற டிசிபி வகை, கூட்டும் விதத்தையும் குறைக்கும் அளவையும் மாற்றிக்கொண்டது. ஆனாலும் அதற்கும் இழப்புதான் எச்சரிக்கை.

அந்த எச்சரிக்கையைத்தான் நாம் அடைத்துவைத்தோம். பாக்கெட் தொலைவதே குறை என்றெண்ணி மோடம்களிலும் ரூட்டர்களிலும் பாக்கெட்டுகளைத் தேக்கிவைக்கும் நினைவகத்தைப் பெருக்கினார்கள். பதிவேற்ற வேகம் 20 எம்பிபிஎஸ் (நொடிக்கு 20 மெகாபிட்) என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் 1 மெகாபைட் (8 மெகாபிட்) தேங்கினால் அது வடிய 0.4 நொடி ஆகும். பின்னால் வரும் குரல் பாக்கெட்டும் அவ்வளவு நேரம் காத்துக் கிடக்கும். எதுவும் தொலையாததால், பதிவேற்றும் கணினியோ எல்லாம் நலம் என்று மேலும் மேலும் திணிக்கும்.

2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் ஜேக்கப்சனும் தந்த கோடெல் முறை, வரிசையின் நீளத்தை அல்ல, பாக்கெட் காத்திருக்கும் நேரத்தைப் பார்க்கிறது. காத்திருப்பு 100 மில்லிநொடிக்கு விடாமல் 5 மில்லிநொடிக்கு மேல் நின்றால் பாக்கெட்டுகளைக் கைவிடத் தொடங்கும்; அந்த இழப்பைக் கண்டு அனுப்பும் கணினி வேகத்தைக் குறைக்கும். நல்ல யோசனை என்பதைவிட நியாயமான யோசனை என்றே சொல்வேன்.

சோதிப்பது எளிது. இணைப்பு சும்மா இருக்கும்போது பிங் செய்து (ஒரு சிறு பாக்கெட்டை அனுப்பிப் பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து) நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய கோப்பைப் பதிவேற்றியபடியே மீண்டும் பாருங்கள். 20 மில்லிநொடி 400 ஆகிறதென்றால், ரூட்டரில் கோடெல் போன்ற முறைகளால் வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்கியூஎம் (SQM) வசதி இருக்கிறதா என்று தேடி இயக்குங்கள். வேக வரம்பை, திட்டத்தில் எழுதியிருப்பதை வைத்து அல்ல, நீங்கள் அளந்த வேகத்தில் 90 சதவீதமாக வையுங்கள். அப்போதுதான் வரிசை மோடத்தில் சேராமல், அதைக் கட்டுப்படுத்தத் தெரிந்த உங்கள் ரூட்டரிலேயே சேரும்.