துருவைக் கருப்பாக்கும் அமிலம்

கடலூர் முதுநகர்ப் பக்கம் வீடு கட்டியவர்களிடம் இரும்புக் கேட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், புலம்பித் தீர்த்துவிடுவார்கள். உப்புக்காற்றில் பெயிண்ட் கொப்பளிக்கும், உள்ளே துரு ஏறியிருக்கும். அதற்காக ஹார்டுவேர் கடையில் விற்கும் துரு நீக்கிகள் பலவற்றில் வேலை பார்ப்பது பாஸ்பாரிக் அமிலம்தான்.

பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றினால் துரு இன்னும் வேகமாகக் கரையுமே என்று கேட்கலாம். கரையும். ஆனால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவோடு நல்ல இரும்பையும் தின்னும், போகும்போது குளோரைடை விட்டுப்போகும். கடல் உப்பில் இருந்துகொண்டு இரும்பை அரிக்கிற அதே குளோரைடு! பாஸ்பாரிக் அமிலம் துருவோடு சேர்ந்து இரும்பு பாஸ்பேட்டாக மாறுகிறது. தண்ணீரில் கரையாத இந்தப் பொருள் இரும்பின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். செம்பழுப்பு மெல்ல மெல்லக் கருஞ்சாம்பல் நிறமாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதன்மேல் பிரைமர் நன்றாகப் பிடிக்கும். ஒன்று மட்டும்: அமிலத்தைப் பூசுவதற்கு முன் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவிக் காயவிட வேண்டும். கடலோரத்தில் இதைச் செய்யாமல் எதைப் பூசினாலும் வீண் செலவு. கையுறை, கண்ணாடி கட்டாயம்.

பாஸ்பாரிக் அமிலத்தின் இந்த நிதானத்துக்குக் காரணம் அதன் மூலக்கூறில் இருக்கிறது. H₃PO₄: கழற்றிவிடக்கூடிய ஹைட்ரஜன்கள் மூன்று. ஆனால் மூன்றையும் ஒரே மூச்சில் விடாது. லிட்டருக்கு பத்தில் ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) கலந்த கரைசலில் நூறு மூலக்கூறுகளுக்குச் சுமார் 23தான் முதல் ஹைட்ரஜனை விட்டிருக்கும். அரைவாசி மூலக்கூறுகள் முதல் ஹைட்ரஜனை விட்டிருக்கும் நிலை pH 2.15இல் வரும் (pH என்பது அமிலத்தன்மையின் அளவுகோல், எண் ஏற ஏற அமிலத்தன்மை குறையும்), இரண்டாவதற்கு 7.2, மூன்றாவதற்கு 12.3 வரை போக வேண்டும்.

கரும்புக் கொல்லைக்குப் போடும் டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உர மூட்டையில் இருப்பது இந்த இரண்டாம் படிதான். இரண்டு ஹைட்ரஜன் போன இடத்தில் இரண்டு அம்மோனியம். மூட்டையில் 18-46 என்று போட்டிருக்கிறதே, அதில் 18 சதவீதம் தழைச்சத்து. 46 என்பது மணிச்சத்தை P₂O₅ (பாஸ்பரஸ் ஆக்சைடு) கணக்கில் சொல்வது. அதே கரும்பு ஆலைக்குப் போனதும் அங்கேயும் இந்த அமிலம் காத்திருக்கும். சாற்றில் பாஸ்பேட் குறைவாக இருந்தால் கொஞ்சம் பாஸ்பாரிக் அமிலம் விட்டு, சுண்ணாம்பு சேர்ப்பார்கள். உருவாகும் கால்சியம் பாஸ்பேட் அழுக்கைச் சேர்த்துக்கொண்டு அடியில் படிய, சாறு தெளியும். கோலாவின் புளிப்பும் இதனுடையதுதான்.

சரி, பார்க்க எப்படி இருக்கும்? சுத்தமானது நிறமற்ற படிகம். 42.4 டிகிரியில்தான் உருகும் என்பதால் கடலூர் கத்திரி வெயிலில் 40 டிகிரி அடித்தாலும் கெட்டியாகவே கிடக்கும். கடைக்கு வருவது 85 சதவீதக் கரைசல். ஒரு லிட்டர் ஏறக்குறைய 1.7 கிலோ கனக்கும். மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பதால் சர்க்கரைப் பாகு மாதிரி மெதுவாக ஒழுகும். காய்ச்சினாலும் ஆவியாகிப் போகாமல் தண்ணீரை விட்டுவிட்டு, இரண்டிரண்டாக இணைந்து பைரோபாஸ்பாரிக் அமிலமாகிவிடும்.

கடையில் வாங்கும் அந்த 85 சதவீதக் கரைசலின் உறைநிலை சுமார் 21 டிகிரி. மார்கழி இரவுகளில் நம்மூர் வெப்பமும் அதை ஒட்டி இறங்கும். பெரும்பாலும் அப்போதும் உறையாமல் திரவமாகவே நிற்கும். ஆனால் ஒரு சின்னப் படிகம் விழுந்தால் போதும், கேனுக்குள் கட்டிதட்ட ஆரம்பித்துவிடும். கெட்டுப்போய்விட்டதென்று கொட்டிவிட வேண்டாம். மூடியைத் தளர்த்தி, கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் பழையபடி இளகிவிடும்.