கொறங்காட்டுப் புல்ல வாசல்ல வெச்சுப் பாருங்க

சித்திரை வெயில்ல காங்கேயத்துல இருந்து தாராபுரம் போற ரோட்டுல ரெண்டு பக்கமும் பார்த்தீங்கன்னா கிளுவை வேலி போட்ட கொறங்காடு (மாடு ஆடு மேய விடற காடு), நடுவுல அங்கங்க வெள்வேல மரம், கீழ வைக்கோல் நிறத்துல காஞ்சு நிக்கும் கொழுக்கட்டைப்புல்லு. செத்தே போச்சுன்னுதான் தோணும். ஒரு உழவு மழை பேஞ்சா போதுங்க, ஒரு வாரத்துக்குள்ள தூருக்குள்ள இருந்து பச்சை கிளம்பிரும்.

அந்தப் புல்லத்தான் எங்கூட்டு வாசல் ஓரமா அழகுக்கு வளர்க்கறேன். கொரியன் புல்லு, மெக்சிகன் புல்லுன்னு சதுர அடிக் கணக்குல வாங்கி விரிச்சு தெனமும் ஹோஸ் பிடிக்கற ஊரா நம்மூரு? வருசத்துக்கு 600 மில்லிமீட்டர ஒட்டித்தான் மழை, மேக்கால மலை மறைச்சுக்குது. ஆடிக் காத்துக்கு இதோட கதிரு ஆடறத ஒருக்கா பார்த்தா வேற புல்லே வேண்டாம்னு சொல்லுவீங்க, நரி வாலாட்டம் ஒரு விரல் நீளக் கதிரு, புதுசா வரும்போது லேசா ஊதா, முத்துனா வெளுத்த வைக்கோல் நிறம்.

இது எப்படி இவ்வளவு வெயில தாங்குதுன்னா, விசயம் இலைக்குள்ள இருக்குது. எல்லாச் செடியும் கார்பன் டை ஆக்சைட சத்தா மாத்தறது ரூபிஸ்கோன்னு ஒரு என்சைம் வெச்சுத்தான். அதுக்கு ஒரு கெட்ட பழக்கம், வெயில் ஏற ஏற கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலா ஆக்சிஜனயும் பிடிச்சுக்கும், அப்புறம் அந்தத் தப்ப சரி பண்ணவே செடி சேர்த்து வெச்ச சத்துல ஒரு பங்கு வீணாப் போயிரும். நெல்லுக்கு இதுதான் நடக்குது. கொழுக்கட்டைப்புல்லு என்ன பண்ணுதுன்னா, இந்த ரூபிஸ்கோவ நரம்பச் சுத்தி இருக்கற செல்லுக்குள்ள கொண்டுபோய் கட்டி வெச்சிருக்குது. மாட்ட அவுத்து விட்டா கண்டதையும் கடிக்கும், கட்டுத்தரையில கட்டி முன்னாடி சோளத்தட்டப் போட்டா அதத்தான திங்கும், அதே கணக்கு. இங்க அந்தச் சோளத்தட்டு மாதிரி கார்பன சுமந்து வர்ற ஆளு வெளிச் செல்லுல இருக்கற பெப் கார்பாக்சிலேஸ்னு இன்னொரு என்சைம், அது ஆக்சிஜன ஏறெடுத்தும் பாக்காது. கார்பன மட்டும் பிடிச்சு நாலு கார்பன் இருக்கற அமிலமா மாத்தும், அது உள்ள போய் மறுபடி கார்பன் டை ஆக்சைடா பிரிஞ்சு ரூபிஸ்கோவச் சுத்தி நெறஞ்சு நிக்கும். அந்த நாலு கார்பன் அமிலத்தாலதான் இந்த வழிக்கு சி4ன்னு பேரு. ஆஸ்திரேலியாவுல ஹாட்ச், ஸ்லாக்னு ரெண்டு பேரு 1966ல கரும்ப வெச்சு இந்த வழிய வெளக்குனாங்க. நம்ம சோளம், கம்பு, மக்காச்சோளம் எல்லாம் இந்த ஜாதிதான்.

இதுல தண்ணி எங்க மிச்சமாகுதுன்னு கேட்டா, கொஞ்சம் காத்து உள்ள வந்தாலே போதுங்கறதால இலையில இருக்கற துளைகள ரொம்பத் தொறக்க வேண்டியதில்ல. தொறக்கலன்னா ஆவியும் கம்மி. ஒரு லென்ஸ் வெச்சு இலையப் பாருங்க, நரம்பு நரம்பா நெருக்கி ஓடும். கட்டுத்தரை பக்கத்துலயே இருந்தாத்தான தட்டு சீக்கிரம் வந்து சேரும்.

அதனால தயவு செஞ்சு இத சீராட்டாதீங்க. நல்ல வெயில் விழற எடம், தண்ணி தேங்காத செம்மண்ணு, சுக்கான் கல்லு (சுண்ணாம்புக் கல்லு) கலந்திருந்தாலும் சந்தோசமா வரும். நட்டு வேர் பிடிக்கற வரைக்கும் தண்ணி விட்டாப் போதும். நான் மொதல்ல தொட்டியில வெச்சு தெனமும் ஊத்தி ஒரு தூர அழுக வெச்சுட்டேன், அந்த வருத்தம் இன்னும் இருக்குது. கோடையில காஞ்சதும் ஒரு சாண் விட்டு அறுத்துருங்க. அடித்தூரு கொஞ்சம் பருத்து இருக்கும் பாருங்க, அதுலதான் சத்த சேமிச்சு வெச்சிருக்குது, மழைக்கு மறுபடி வர்றது அதுல இருந்துதான், ஒட்ட அறுத்தா அதுவும் போச்சு.

விதையில ஒரு சங்கதி. மார்கழியில உருவுன விதைய தை மாசமே போட்டுட்டு மாசக்கணக்கா பாத்துட்டு இருந்தேன், ஒண்ணும் மொளைக்கல. எங்க அப்பாரு வந்து, "புது வெத எப்படிச் சாமி மொளைக்கும், பழசாகோணும்"ன்னாரு. சரியாத்தான் சொன்னாரு. புது விதைக்கு உறக்கம் உண்டு, மொளைப்பத் தடுக்கற பொருள் உமியிலயும் இருக்குது, ஆறேழு மாசம் கெடந்தாத்தான் அது தளரும். ஒரு விதைய உள்ளங்கையில வெச்சுப் பாருங்க, சுத்தியும் மயிரு மயிரா முள்ளுமில்லாத பஞ்சுமில்லாத ஒரு கொத்து, உள்ளங்கைய ஆட்டுனா நகரும், துணியில ஒட்டும். ஆட்டு ரோமத்துல ஒட்டிக்கிட்டு அடுத்த காட்டுக்குப் போறது இப்படித்தான்.

இன்னொண்ணு, இந்தப் புல்லு பெரும்பாலும் மகரந்தம் சேராமயே தாயோட நகலா விதை கட்டும். அதனால கொறங்காட்டுல எந்தத் தூரு கதிரு நல்ல ஊதாவா இருக்குதோ அதுல இருந்தே விதை எடுங்க, குட்டியும் ஏறக்குறைய அப்படியே வரும். வெளிநாட்டுல இருக்கற சொந்தக்காரங்களுக்கு மட்டும் குடுத்து விட்டுறாதீங்க. இங்க மாடும் ஆடும் மேஞ்சு அளவோட வெச்சிருக்குது, ஆஸ்திரேலியாவுலயும் அமெரிக்காவுல அரிசோனா பாலைவனத்துலயும் இது பரவி, காஞ்சு, தீப்பிடிச்சு அங்கத்த செடிகள அழிச்சுட்டு இருக்குது.

போன மார்கழி விதை மஞ்சப்பையில கட்டி ஆணியில தொங்குது. புரட்டாசி கடைசியில மண்ண லேசாக் கீறி மேலாப்புல தூவி விடணும், ஆழமாப் போச்சுன்னா வராது.