குண்டு போன பிறகும் உதைக்கும் துப்பாக்கி

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அண்ணன் டெக்சாஸில் குடியேறி, அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கிவிட்டவர். அங்கே மான் வேட்டைக்கென்று பருவம் உண்டு, உரிமம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட, இவரும் போகலாம் என்று இருக்கிறார். பயிற்சிக்காகச் சுடுதளத்தில் இரவல் ரைபிளால் சில முறை சுட்டதிலேயே தோள் கன்றிப்போய்விட்டதாம். "எங்க அண்ணன் ஒல்லியான ஆளு சார். உதை கம்மியா இருக்கிற ரைபிள், தோட்டா எதுன்னு கேட்கிறார். உதை கம்மின்னா சக்தியும் கம்மிதானே? மான் காயத்தோட ஓடிடாதா?" என்று கேட்கிறார்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். கிண்டியில் புள்ளிமானும் வெளிமானும் இன்னும் மேய்கின்றன என்றால் அதற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம். அதில் எள்ளளவும் தளர்வு கூடாது என்பது என் கருத்து. டெக்சாஸ் கதை வேறு. அங்கே வெண்வால் மான்கள் ஏராளம், எத்தனை சுடலாம், எப்போது சுடலாம் என்பதை மாநில அரசே வகுக்கிறது. அப்படிச் சுடுவதென்றால் மான் துடிக்காமல் சாக வேண்டும். வாசகியின் கடைசிக் கேள்வி அதைத்தான் தொடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டேன்.

அடிப்படை எல்லாம் பள்ளியில் படித்ததுதான். குண்டு முன்னால் பாய்ந்தால் துப்பாக்கி பின்னால் வர வேண்டும். இரண்டின் உந்தமும் சமம். என்சிசியில் பாயின்ட் 22 ரைபிள் சுட்டவர்களுக்கு உதை என்ற ஒன்றே நினைவிருக்காது. அந்தக் குண்டு 2.6 கிராம், வேகம் வினாடிக்குச் சுமார் 330 மீட்டர். துப்பாக்கி தோளை லேசாகத் தொட்டுவிட்டுப் போகும். 1906-இலிருந்து புழக்கத்தில் இருக்கும் 30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் தோட்டாவில் குண்டு 11.7 கிராம், வேகம் வினாடிக்கு 820 மீட்டருக்கு மேல். எடையைக் கிலோவாக்கி வேகத்தோடு பெருக்கினால் உந்தம் 9.6 வருகிறது. 3.6 கிலோ ரைபிளால் வகுத்தால் துப்பாக்கி வினாடிக்கு 2.7 மீட்டர் வேகத்தில் பின்னால் வர வேண்டும்.

ஆனால் அளந்து பார்த்தால் 4 மீட்டருக்கு மேல் வருகிறது. மிச்ச வேகம் எங்கிருந்து வந்தது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தோட்டாவுக்குள் ஏறக்குறைய 3.6 கிராம் வெடிமருந்து இருக்கிறது. எரிந்தாலும் அதன் எடை எங்கும் போய்விடாது. அத்தனையும் சூடான வாயுவாகிறது. குண்டு குழலுக்குள் ஓடும் நேரம் சுமார் ஒரு மில்லி வினாடி. வாயுவும் கூடவே நீள்கிறது. குண்டின் முதுகை ஒட்டிய வாயு குண்டின் வேகத்தில் ஓடுகிறது, அடிப்பக்கத்து வாயு கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறது. சராசரியாகப் பாதி வேகம். இந்த ஒரு மில்லி வினாடியில் ரைபிள் பின்னால் நகரும் தூரம் வெறும் 2 மில்லிமீட்டர். தோளில் சட்டை கசங்குவதற்குக்கூட அது போதாது. குண்டு வெளியே போய்விட்டது, சுட்டவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

குண்டு அதுவரை குழலின் வாயை அடைத்துக்கொண்டிருந்த மூடி. அது வெளியேறியதும், வளிமண்டலத்தைப்போல் பல நூறு மடங்கு அழுத்தத்தில் இருக்கும் வாயு வாய்வழியே பீறிடுகிறது. குண்டு நொடிக்கு 820 மீட்டர் போகிறது என்றால் வாயு சராசரியாக 1,400 மீட்டருக்கு மேல் போகிறது. அதிவேகப் புகைப்படங்களில் பார்த்திருக்கிறேன்: குண்டை வாயுவே முந்திக்கொண்டு சூழ்ந்துவிடும், பிறகு குண்டு அந்தப் புகைப் பந்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அந்தக் கணத்தில் ரைபிள் ஒரு ராக்கெட். காசிமேட்டிலோ எண்ணூரிலோ மொட்டை மாடி ஏறி ஸ்ரீஹரிகோட்டா பக்கம் வானத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வாயு ஒரு பக்கம், உலோகம் மறுபக்கம். 30-06 கணக்கைப் போட்டுப் பார்த்தால் மொத்த உந்தம் 14.8. அதில் ஏறக்குறைய கால் பங்கு, குண்டு குழலை விட்டுப் போன பிறகு வருகிறது!

இதை முதலில் அளந்தவர்களில் ஒருவர் நம் ஊரோடு தொடர்புள்ளவர். பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், 1740-களில் துப்பாக்கிக் குழலை ஊசலில் தொங்கவிட்டு, குண்டோடும் சுட்டார், குண்டே இல்லாமல் வெறும் மருந்தை மட்டும் வைத்தும் சுட்டார். குண்டில்லாமலும் ஊசல் பின்னால் ஆடியது. மருந்துப் புகையின் வேகத்தை அந்த ஆட்டத்திலிருந்து கணக்கிட்டார். பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக 1750-இல் இங்கே வந்து, மதராஸ் கோட்டை அரண்களுக்குத் திட்டம் போட்டார்; அடுத்த ஆண்டே கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்துபோனார். ஊசல், கயிறு, அளவுகோல் இவ்வளவுதான் அவருடைய ஆய்வுக்கூடம். ஒரு பொம்மைப் பீரங்கியும் நூலும் இருந்தால் வண்ணாரப்பேட்டை மாநகராட்சிப் பள்ளியில் உந்த அழிவின்மையைக் கண்ணால் காட்டிவிடலாம். ஸ்மார்ட் போர்டுக்குக் கிடைக்கும் பணத்தில் சிறு பங்காவது இப்படிப்பட்ட கைச்சோதனைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, வாசகியின் சந்தேகத்துக்கு வருவோம். உதை குறைந்தால் மானும் தப்பிவிடுமா? "பெரிய குண்டு பட்டால் மான் அப்படியே தூக்கி வீசப்படும்" என்ற நம்பிக்கை வேட்டைக்காரர்களிடம் உண்டு. சினிமாவும் அதை வளர்த்துவிட்டது. நியூட்டன் இதற்கு இடமே தரவில்லை. குண்டு மானுக்குக் கொடுக்கும் உந்தம், துப்பாக்கி சுட்டவர் தோளுக்குக் கொடுத்ததைவிட அதிகமாக இருக்கவே முடியாது. அந்த 9.6-ஐ 60 கிலோ மானுக்குக் கொடுத்துப் பாருங்கள்: வினாடிக்கு 16 சென்டிமீட்டர். நாம் ஆற அமர நடக்கும் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மானைக் கொல்வது தள்ளு இல்லை. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரலையும் இதயத்தையும் குண்டு கிழிப்பதால் இரத்தம் இழந்து சாகிறது. அதற்குத் தேவை சரியான இடம், போதிய ஆழம், உள்ளே போனதும் காளான்போல் விரியும் குண்டு.

அந்தத் தேவையைச் சிறிய தோட்டாக்களே நிறைவேற்றிவிடும். 1955-இல் வந்த பாயின்ட் 243 வின்செஸ்டரில் குண்டு 6.5 கிராம், வேகம் 900 மீட்டர், மருந்து சுமார் 2.6 கிராம். அதே 3.6 கிலோ ரைபிளில் உதையின் ஆற்றல் 14 ஜூல். 30-06-க்கு 30 ஜூல். பாதிக்கும் குறைவு. இடையில் 6.5 கிரீட்மூர் இருக்கிறது, 2007-இல் வந்தது: 9.3 கிராம் குண்டு, 18 ஜூல் உதை. ஒல்லியான நீண்ட குண்டு என்பதால் காற்றில் வேகம் அதிகம் இழக்காது, உள்ளேயும் ஆழமாகப் போகும். கொலராடோ மாநிலம் மானுக்குக் குறைந்தபட்சம் பாயின்ட் 24 அங்குல விட்டம் கேட்கிறது. பாயின்ட் 243 அதில் தேறிவிடும். டெக்சாஸில் வெண்வால் மானுக்கு என்சிசி வகை விளிம்படித் தோட்டா, அதாவது அடிவிளிம்பில் தட்டி வெடிக்கவைக்கும் தோட்டா, கூடாது என்பது விதி. அண்ணனுக்கு நான் சொல்வது 6.5 கிரீட்மூர். இருநூறு மீட்டருக்குள்தான் சுடுவேன், பொறுமையாக இடம் பார்த்துத்தான் சுடுவேன் என்றால் பாயின்ட் 243 போதும்.

ஏற்கெனவே 30-06 கையில் இருந்தால் அதற்கே உதை குறைத்த தோட்டாக்களைக் கம்பெனிகள் தயாரித்து விற்கின்றன: குண்டும் இலேசு, மருந்தும் குறைவு. தூரம் குறையும், அவ்வளவுதான். வீட்டில் தானாகவே மருந்தைக் குறைத்து நிரப்பும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பெரிய தோட்டாவில் மெதுவாக எரியும் மருந்தைக் கொஞ்சமாகப் போட்டால், அழுத்தம் குறைவதற்குப் பதில் தாறுமாறாக எகிறித் துப்பாக்கியே வெடித்த நிகழ்வுகள் உண்டு.

அடுத்தது எடை. மலையேற வசதி என்று 2.7 கிலோ ரைபிளை விற்பார்கள். அதே 30-06 அதில் 40 ஜூல் உதைக்கும், 4.5 கிலோ ரைபிளில் 24 ஜூல்தான். டெக்சாஸில் பெரும்பாலும் பரண்போன்ற மறைவிடத்தில் உட்கார்ந்துதான் சுடுகிறார்கள், அதனால் கனத்த ரைபிள் சுமையாகத் தெரியாது. தோளில் அணைத்துப் பிடிக்கும் மரக்கட்டைப் பகுதியின் பின்னால் நல்ல ரப்பர் மெத்தை இருக்க வேண்டும். ராயபுரத்தில் பாக்ஸிங் பழகும் பிள்ளைகள் கையில் மாட்டும் கிளவுஸ் செய்கிற வேலையை அது செய்கிறது: குத்தின் ஆற்றலை எடுத்துவிடாது, நேரத்தையும் பரப்பையும் நீட்டும். 30 ஜூலை ஒரு சென்டிமீட்டரில் நிறுத்தினால் தோளில் சராசரி விசை 3,000 நியூட்டன், மூன்று சென்டிமீட்டரில் நிறுத்தினால் 1,000. கட்டையின் நீளமும் ஆளுக்குப் பொருந்த வேண்டும். தோளுக்கும் கட்டைக்கும் இடைவெளி விட்டுப் பிடித்தால் துப்பாக்கி வேகமெடுத்து வந்து இடிக்கும். இறுக்கிப் பிடித்தால் உடம்பும் சேர்ந்து நகரும்.

குழல் வாயில் திருகும் மஸில் பிரேக் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அது அந்த ராக்கெட்டையே திருப்பிவிடுகிறது. பீறிடும் வாயுவைப் பக்கவாட்டிலும் பின்பக்கமாகவும் ஓடவிடுவதால், பின்னால் தள்ளிய வாயு இப்போது துப்பாக்கியை முன்னால் இழுக்கிறது. உதை மூன்றில் ஒரு பங்கு, சிலவற்றில் பாதிகூடக் குறையும். ஆனால் வாயு திரும்பிய பக்கம் ஓசையும் திரும்புகிறது. சாதாரண ரைபிள் வெடியே 160 டெசிபெல் அளவில் இருக்கும். 140-ஐத் தாண்டினால் ஒரே வெடியில் காது நிரந்தரமாகக் கெடலாம். பிரேக் அதை இன்னும் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறது. தோளைக் காப்பாற்றச் செவியைக் கொடுப்பது நல்ல வியாபாரம் இல்லை. சைலன்சர் எனப்படும் சப்ரசர் வாயுவைத் தடுத்து மெதுவாக விடுகிறது. உதையும் குறையும், ஓசையும் குறையும். டெக்சாஸில் உரிய சட்ட நடைமுறைப்படி வாங்கி வேட்டைக்கே பயன்படுத்தலாம். அது இருந்தாலும் காதடைப்பான் கட்டாயம்.

அப்புறம், தோள் வலியைவிட அண்ணன் கவலைப்பட வேண்டியது ஒன்று உண்டு. விரலால் ட்ரிகரை அழுத்தியதிலிருந்து குண்டு வெளியேறும்வரை சில மில்லி வினாடிகள்தான். மனித உடல் எதிர்வினை காட்டவே 150 மில்லி வினாடியாவது வேண்டும். ஆக, உதை அந்தக் குறியைக் கெடுப்பதில்லை. முந்தைய உதையின் நினைவில், அழுத்துவதற்கு முன்பே கண் மூடுகிறது, தோள் முன்னால் பாய்கிறது, குறி தவறுகிறது. இரவல் ரைபிளில் கன்றிய தோளோடு இருப்பவருக்கு இந்தப் பழக்கம் ஏற்கெனவே ஒட்டியிருக்கக்கூடும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: நண்பரிடம் சொல்லி, நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத போலித் தோட்டாவை அவருக்குத் தெரியாமல் கலந்து நிரப்பச் சொல்ல வேண்டும். போலித் தோட்டா வரும்போது 'டிக்' என்று மட்டும் சத்தம் வரும். குழல் முனை சட்டென்று கீழே குனிந்தால் பயம் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அப்போது காட்டுக்குப் போகும் பேச்சைத் தள்ளிவைத்து, பாயின்ட் 22-இல் தொடங்கி, முனை அசையாமல் நிற்கும்வரை தாள் இலக்கில் சுட்டுப் பழகட்டும்.